மூட்டு மாற்றுவதற்கு முன் ஒரு மலை

திருநெல்வேலி எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்றத்தான் வேண்டும், அவசரமில்லை, ஆடி கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். அது தை மாதம். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதுவரைக்கும் நடக்கலாமா? நடக்கலாம், வலித்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார் அவர். நான் பதினோரு கேள்விகள் யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். நாலாவதைக் கேட்கும்போதே நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கயத்தாறு தாண்டியதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மாத்துததுக்கு முன்னால என் சொந்த மூட்டுல ஒரு மலை ஏறிரணும்."

"எந்த மலை?"

"நம்ம பிள்ளை போட்டோ அனுப்புனாள்ல, அந்த மலை."

எங்களுக்கு ஒரே மகள். ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். சித்திரையில் பத்து நாள் லீவு எடுத்து, மத்தியதரைக் கடலில் இருக்கும் மயோர்கா என்ற தீவில் ஒரு வீடு பிடிக்கப்போவதாகவும், நாங்கள் இருவரும் வந்தே ஆகவேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். தீவு என்றதும் நான் ராமேசுவரம் மாதிரி மணலும் தென்னையும் என்று நினைத்தேன். அவள் அனுப்பிய படங்களில் கடலைவிட மலைதான் அதிகம். அங்கே போகிறவர்கள் பாதிப்பேர் நடப்பதற்கென்றே போகிறார்களாம். காலையில் கிளம்பி ஒரு மலையைச் சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்புவது, மறுநாள் வேறொரு மலை. ஒரு படத்தில் நாலு பக்கமும் பாறை முகடுகள், நடுவில் நீலமாக ஒரு பெரிய நீர்த்தேக்கம். என் மனைவி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது எனக்குத் தெரியும். "மலை மேல கண்மாய் கெடக்கு பாருங்க" என்று என்னிடமும் காட்டினாள். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் வருடத்தில் எத்தனை மாதம் தண்ணீர் கிடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கள் இருவருக்குமே மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில், நூலின் பருமனும் பலமும் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவள். சுற்றிலும் கரிசல். வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தால் மின்சாரக் காற்றாலைகள் தவிரக் கண்ணைத் தடுக்க ஒன்றும் கிடையாது. எங்களுக்குத் தூரம் என்றால் தூரம்தான், அதில் மேலே கீழே என்று எதுவும் இல்லை.

மகள் பொங்கலுக்கு வந்தபோது அந்தத் தீவின் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். மேசையை முழுதாக மூடும் அளவுக்கு விரிந்தது. போனிலேயே எல்லாம் இருக்கிறது, இது உங்களுக்குப் பொழுதுபோக என்றாள். பொழுதுபோக என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் ஒழுங்காகத் திட்டம் போட்டால்தானே நாலு பேர் பத்திரமாகத் திரும்பி வர முடியும்? (மூன்று பேர்தான். ஆனாலும்.)

வரைபடத்தில் பாதைகள் சிவப்புப் புள்ளிகளாகப் போயின. வளைந்து வளைந்து போகும் பாதையை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. மில் பழக்கத்தில் ஒரு மெல்லிய நாற்பதாம் நம்பர் நூலை எடுத்து, நுனியை ஊரில் வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, புள்ளிகளின் மேலேயே படுக்க வைத்தேன். பிறகு நூலை நேராக இழுத்து அளந்தேன். ஊரிலிருந்து மலைக் கணவாய் வரை ஆறரைக் கிலோமீட்டர். கோவில்பட்டியிலிருந்து நாலாட்டின்புதூர் போகிற தூரம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றியது.

என் மனைவி காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நூலு படுத்துக் கெடக்கு. மலை நிக்கும்லா?"

அவள் போனபிறகு வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிசாக ஓடிய கோடுகளைக் கவனித்தேன். ஒவ்வொரு கோடும் இருபத்தைந்து மீட்டர் உயரம். அதுவரை அவற்றை அழகுக்குப் போட்டது என்று விட்டிருந்தேன். நூல் அவற்றை எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணி முடித்தபோது காபி ஆறிவிட்டது. எங்கள் பக்கத்துக் கழுகுமலையைப் போல ஏழெட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரம்.

எதிர்வீட்டு அண்ணாச்சி முன்பு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், எழுபத்தொரு வயதான என்னை இன்னமும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மாலையில் பேப்பர் வாங்க வந்தவர் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது என்ன தம்பி, மெட்ராஸ் ரோடா?"

சொன்னேன்.

"பிளேன்ல ஏறிப் போறதே நடக்கதுக்குத்தானா? நடந்து எங்க போவீய?"

"எங்கயும் போகல அண்ணாச்சி. போயிட்டுத் திரும்பி வீட்டுக்கு வந்துருவோம்."

"திரும்பி வாரதுன்னா, அப்ப இங்கனயே இருந்துக்கிடலாம்லா?" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தி, "தங்கச்சி, இவரு மில்லை விட்டதுல இருந்து இப்பிடித்தான் இருக்காரு, கவனிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரோடு போனார்.

எனக்கு வேறு ஒரு வழி தென்பட்டது. அந்த நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஒரு தார் ரோடு போகிறது. அதில் பஸ் உண்டு. பஸ்ஸில் மேலே போய் இறங்கி, தண்ணீரைப் பார்த்துவிட்டு, கணவாய் வழியாக மலையை இறங்கி ஊருக்கு வந்துவிட்டால்? ஏற்றமே இல்லை. முழுக்க இறக்கம். முழங்காலுக்கு வேலையே கிடையாது. இந்தத் திட்டத்தை நான் காலண்டர் தாளின் பின்புறத்தில் படமாகவே போட்டு மகளுக்கு அனுப்பினேன். அவள் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினாள்.

ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குப் போனோம். விடியுமுன்னே கிளம்பி முதல் பஸ். பாறையில் வெட்டிய படிகளில் ஏறத் தொடங்கினோம். நான் அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று படிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டே போனேன். பாதி தூரத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். இங்கேயே முடியவில்லை என்றால் அங்கே எப்படி? அதையே சொல்லவும் சொன்னேன். இந்த மலையே ஏற முடியல, அந்த ஆசையை விட்டுரு, கடற்கரையில நடக்கலாம், அதுவும் நடைதானே என்றேன்.

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கால் வலிச்சா உக்காந்திருக்கேன்? நீங்க எண்ணுதீங்களே, அதைக் கேட்டுக்கிட்டு மனுசி ஏற முடியாது. ஒவ்வொண்ணும் தலையில ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. எண்ணுததை நிப்பாட்டுதீங்களா, நான் இங்கனயே இருந்துக்கிடட்டுமா?"

நிறுத்தினேன். மனதுக்குள் எண்ணுவதை யாரும் தடுக்க முடியாது, ஆனால் உதடு அசையாமல் பார்த்துக்கொண்டேன். அவள் நின்று நின்று, ஒரு காலை வைத்து மறுகாலை அதோடு சேர்த்து, உச்சிக்கு வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, முகம் நன்றாக இருந்தது.

இறங்கும்போதுதான் எல்லாம் மாறியது. முதல் பத்துப் படியிலேயே அவள் முகம் சுருங்கிப் போயிற்று. ஒவ்வொரு படிக்கும் உடம்பின் கனம் முழுவதும் அந்த மூட்டில் போய் இடித்தது. கடைசியில் குழந்தைகள் மாடிப்படி இறங்குவது போலப் பாறையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். கீழே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"உங்க திட்டம் எனக்கு வேண்டாம். ஏறுததுக்கு மூச்சு இருந்தா போதும். இறங்குததுக்குத்தான் மூட்டு வேணும். நான் ஏறிப் போறேன், பஸ்ஸுல இறங்குதேன்."

சமதரையில் பிறந்து வளர்ந்த நான், இறக்கம் என்பது இனாம் என்றே நினைத்திருந்தேன். ஊரில் சைக்கிளில் போகும்போது பாலத்தை விட்டு இறங்குகிற சுகம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த இறக்கம்.

அவள் சொன்ன வழியில் ஒரு சிக்கல் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான்தான். நீர்த்தேக்கத்துக்கு வரும் கடைசி பஸ் மாலை மூன்று மணி. அதைப் பிடித்தாக வேண்டும். விட்டால் அங்கே ஊரில்லை, கடையில்லை, போனுக்கு சிக்னல் கிடைப்பதும் நிச்சயமில்லை என்று மகளே ஒத்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் அந்த மலை முழுவதையும் மனைவி இறங்கியாக வேண்டும். அதற்கு அவளால் முடியாது என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆகவே வேண்டாம் என்றேன். வீடியோ காலில் மூன்று பேரும் பேசினோம். மகள் அம்மா பக்கம். எனக்குத் தோல்வி.

பயண ஏற்பாடுகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அதுவே தனிப் புத்தகமாகும். சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகம் எனக்கு மதுரைக்குப் போகும் ரயிலிலேயே வந்து, தீவில் இறங்கும்வரை கூட வந்தது. மூடித்தான் இருந்தது. அண்ணாச்சி மகன் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னான்.

வீடு ஒரு பள்ளத்தாக்கில், ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே இருந்தது. பழம் உதிர்ந்து தரையில் கிடந்தது, எடுப்பாரில்லை. என் மனைவி முதல் நாளே ஒரு பை நிறையப் பொறுக்கிவிட்டாள். மகள் பதறிப் போய் வீட்டுக்கார அம்மாளிடம் கேட்க, அந்த அம்மாள் இன்னொரு பை கொண்டுவந்து கொடுத்தார்.

நான் போட்டிருந்த திட்டப்படி முதலில் இரண்டு சின்ன நடைகள். காலை ஐந்து மணிக்கே குளித்து, தொப்பி வைத்து, தயாராகி உட்கார்ந்தேன். வெயில் ஏறுமுன் நடந்து பத்து மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது கரிசல்காட்டுக் கணக்கு. மகள் எட்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இங்க பத்து மணிக்கு மேலதான் குளிரே விடும். ஸ்வெட்டரைப் போடுங்க."

அடுக்கடுக்காகக் கல் வைத்துக் கட்டிய தோட்டங்களுக்கு நடுவே நடந்தோம். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கி மலை உயரத்துக்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஒலிவ மரங்கள் வயதான மனிதர்களின் முழங்கையைப் போல முறுக்கிக்கொண்டு நின்றன. மனைவி இரண்டு நடையையும் சிரமமில்லாமல் முடித்தாள். சுவர் வருகிற இடமெல்லாம் உட்கார்ந்து வந்தாள். சுவர் அங்கே எல்லா இடத்திலும் வரும்.

பெரிய நடைக்கு வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தேன். சனிக்கிழமை கையில் ஒரு நாள் மிச்சம். ஞாயிறு காலை விமானம். வியாழன் சாயங்காலம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. ஓட்டிலிருந்து ஓடை மாதிரிக் கொட்டியது. விடியும்போது நின்றுவிட்டது, வானம் துடைத்த மாதிரி வெயில் அடித்தது.

நான் எழுந்ததும் சொன்னேன், "இன்னைக்கு முடியாது."

"ஆமா, எப்பிடி முடியும்?" என்றாள் மனைவி.

மகளும் தலையாட்டினாள். பதினைந்து வருடம் வெளிநாட்டில் இருப்பவள், அவளும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. மூவரும் ஆற அமர உப்புமா சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.

எங்கள் ஊரில் மழை பெய்த மறுநாள் யாரும் காட்டுப் பாதையில் கால் வைப்பதில்லை. கரிசல் மண் செருப்பைப் பிடித்தால் விடாது. பத்து எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும். இன்னும் பத்து எட்டில் காலைத் தூக்க முடியாது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தால் வெறுங்காலில் ஏறிக்கொள்ளும். இரண்டு நாள் வெயில் அடித்துப் பொருக்கு கட்டினால்தான் நடை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. மழை என்றால் வீடு, அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முதுகில் பை, கையில் ஊன்றுகோல். இரண்டு பேர், பிறகு ஐந்து பேர், பிறகு ஒரு கிழவரும் நாயும். நான் அவர்களுக்காக வருத்தப்பட்டேன். பாதி வழியில் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று மகளிடம் சொல்லவும் செய்தேன். பதினொரு மணி வாக்கில் முதலில் போன இருவர் திரும்பி வந்தார்கள். மனைவி ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

"இங்கன வாங்க. அவிய செருப்பைப் பாருங்க."

பார்த்தேன். ஷூ சுத்தமாக இருந்தது. ஓரத்தில் லேசாக ஈரம், அவ்வளவுதான்.

"மண்ணே ஒட்டல" என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகள்தான் முதலில் தலையில் கைவைத்தாள்.

"ஐயோ, இது பூரா கல்லுல்லா! எங்க போயி ஒட்டும்? நான் எப்பிடிம்மா மறந்தேன்?"

"நீ எங்க மறந்த? உனக்கு ஊரு நெனப்பு வந்துட்டு" என்று சொல்லி மனைவி சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். இனிமேல் கிளம்பினால் மூன்று மணி பஸ்ஸைக் கனவிலும் பிடிக்க முடியாது. நல்ல வெயில் நாள் ஒன்றைச் சேறு வரும் என்று பயந்து ஜன்னலுக்குள் இருந்தே கழித்துவிட்டோம். மிச்சம் சனிக்கிழமை ஒன்றுதான்.

அன்றைக்கு அவள் அதற்கப்புறம் துணிகளை மடித்து மடித்து வைத்தாள். நாளைக்கு மழை வந்தால் போகவே முடியாது என்பது அவள் மடித்த விதத்தில் தெரிந்தது. நான் அரை மணிக்கொரு தரம் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். அன்றுவரை அவள் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அவள் போகவேண்டுமே என்று கவலைப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. ஏழரைக்குக் கிளம்பிவிட்டோம். பாதை ஊர் முடிகிற இடத்திலிருந்தே கல் பாவியது. ஓர் ஓடையை ஒட்டி, அகலமான படிகளாக, திரும்பித் திரும்பி மேலே போயிற்று. வியாழக்கிழமை மழையில் ஓடை நிறைந்து சத்தம் போட்டது. மனைவிக்கு அந்தச் சத்தம் போதுமாக இருந்தது போலும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள். நானும் மகளும் அவளுக்குப் பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.

"ரெண்டு பேரும் ஏன் போலீஸ்காரன் மாதிரி பொறத்தால வாறீங்க? முன்னால போங்க" என்றாள்.

மகள் முன்னால் போனாள். நான் போகவில்லை.

எங்களைத் தாண்டிப் போன எல்லோரும் ஏதோ சொல்லி வாழ்த்திவிட்டுப் போனார்கள். இவள் ஒவ்வொருவருக்கும் தமிழிலேயே, "போயிட்டு வாங்க, நாங்க மெதுவா வாரோம்" என்று பதில் சொன்னாள். அவர்களும் புரிந்த மாதிரிச் சிரித்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பூட்டிக் கிடந்த ஒரு கல்வீட்டின் வாசலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். நான் வரைபடத்தை விரித்தேன். நாங்கள் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருந்தோம். இந்த வேகத்தில் கணவாய்க்கு இரண்டேகால். அங்கிருந்து ரோட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். இறக்கம் லேசானதுதான், ஆனால் இறக்கம். பஸ் போய்விடும்.

மெதுவாகச் சொன்னேன். "திரும்பிருவோமா? இது வரைக்கும் வந்ததே பெரிசு. பஸ்ஸு கெடைக்காது."

மகள் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது தெரிந்தது.

மனைவி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"இங்க இருந்து திரும்புனா இவ்வளவு படியும் இறங்கணும். கழுகுமலையில நீங்க பாக்கலையா? என்னால முடியாது. கீழ போக வழி கெடையாது. மேலதான் வழி. எந்திரிங்க."

நான் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவள் சொன்னதில் ஓட்டையே இல்லை. தீவுக்கு வந்து திட்டம் போட்டுப் போட்டு, கடைசியில் அவளுடைய முழங்காலை எங்கே இறக்கமும் முடியாமல் ஏற்றமும் முடியாமல் விடக்கூடாது என்று பயந்தேனோ, அந்த இடத்தில்தான் கொண்டுவந்து விட்டிருந்தேன். அவளுக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதற்கு மேல் படிகள் செங்குத்து. அவள் பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். இடுப்பில் கையை வைத்து நின்று, உதட்டைக் குவித்து ஊதி, மறுபடியும் ஏறினாள். கடலைமிட்டாயை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை மட்டும் முழங்காலைத் தட்டி, "கொஞ்சம் பொறுத்துக்க தாயி" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கணவாய்க்கு வந்தபோது இரண்டு மணி கடந்து பத்து நிமிடம். காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. கீழே அது கிடந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. மழைக்குப் பிறகு கரை வரை நிறைந்து, காற்றில் சுருங்கிச் சுருங்கி வெயிலை வாங்கிக்கொண்டு கிடந்தது.

அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் முன்னால் நீட்டிப் போட்டுக்கொண்டாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. நான் இரண்டு முறை, "பஸ்ஸு" என்றேன்.

"எவ்வளவு தண்ணி" என்றாள் கடைசியாக. "கரையில ஒரு எருமை கூட இல்ல பாருங்க. நம்ம ஊருன்னா இந்நேரம் துணி துவைச்சு, மாடு குளிப்பாட்டி, நாலு பய குதிச்சிருப்பான்."

"அம்மா, பஸ்" என்றாள் மகள்.

"நான் ஏறணும்னுதான் சொன்னேன். ஏறியாச்சு. பஸ்ஸு உங்க ரெண்டு பேரு பாடு."

அவள் எழுந்து மெதுவாக இறங்க ஆரம்பித்தாள். இறக்கம் லேசாக இருந்தும் முகம் சுருங்கியது. மூன்று மணிக்குள் போய்ச் சேர முடியாது என்று பார்த்த உடனே தெரிந்தது. தண்ணீரின் ஓரத்துக்கு வந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. ரோடு எதிர்க்கரையில் தெரிந்தது.

அப்போதுதான் மகளைப் பார்த்து என் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னதில்லை.

"ஏட்டி, நீ ஓடிப் போயி பஸ்ஸை நிப்பாட்டி வை!"

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இது அன்றாடம் நடப்பது. வீட்டில் ஒருவர் கிளம்பத் தாமதமானால் இன்னொருவர் முன்னால் ஓடி, ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, ஆள் வருது, ஆள் வருது என்று கத்துவது. டிரைவர் திட்டுவார். ஆனால் ஒரு காலைப் படியில் வைத்திருக்கும் ஆளை விட்டுவிட்டு எந்த டிரைவரும் வண்டியை எடுத்ததில்லை. ஜெர்மனியில் ஒரு நிமிடம் தாமதமானாலும் பஸ் போய்விடும் என்று எனக்கு எத்தனையோ முறை பாடம் எடுத்தவள் என் மகள். "அப்பா, இங்க அதெல்லாம் நடக்காது" என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பையை என் தோளில் மாட்டிவிட்டு ஓடினாள்.

நாங்கள் தண்ணீரை ஒட்டி நடந்தோம். பஸ் வளைவில் வருவது தெரிந்தது. நின்றது. ஆட்கள் ஏறினார்கள். பிறகு எல்லோரும் ஏறிய பிறகும் கதவு மூடவில்லை. கதவில் மகளின் மஞ்சள் சட்டை தெரிந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"நின்னுட்டாளா?" என்று கேட்டாள் மனைவி, நிமிர்ந்து பார்க்காமல். அவளுக்குக் கால் வைக்கிற இடத்தைப் பார்ப்பதே பெரிய வேலையாக இருந்தது.

"நின்னுட்டா."

"அப்ப ஏன் என்னை அவசரப்படுத்துதீங்க?"

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கை மட்டும் அவள் முழங்கையைப் பிடித்திருந்தது. தளர்த்திக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு வந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டு விழும் என்று நான் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். டிரைவர் தடித்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மனைவியைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"எங்க இருந்து வாறீங்கன்னு கேக்காரு" என்றாள் மகள். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"கீழ இருந்துன்னு சொல்லு" என்றாள் மனைவி. "பூரா நடந்துன்னு சொல்லு."

மகள் சொன்னாள். டிரைவர் புருவத்தை உயர்த்தி, முன் இருக்கையில் இருந்த இரண்டு இளைஞர்களை விரலால் காட்டினார். அவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். பஸ் நகர்ந்ததும் மனைவி தூங்கிப்போனாள். வளைவுகளில் அவள் தலை என் தோளில் வந்து வந்து இடித்தது.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. வீக்கம். காலையும் மாலையும் நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "நடக்கதுக்குப் போனவிய உக்காந்துட்டு வந்திருக்கீயளே" என்றார். அவள், "மேல கண்மாய் கெடக்கு அண்ணாச்சி, நீங்க பாக்கலையே" என்று சொல்லி, போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் பார்த்தார். பேப்பரை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் திருநெல்வேலிக்குப் போனோம். டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பார்த்தார், பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு அவள் முழங்காலை அழுத்திப் பார்த்தார்.

"இதுல என்னம்மா செஞ்சீங்க?"

"ஒரு மலை ஏறினேன் டாக்டர்."

"இந்த மூட்டை வச்சுக்கிட்டா? எவ்வளவு உயரம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நடக்கலாம்னுதானே சொன்னேன். மலை ஏறச் சொன்னேனா? யாரு உங்களை ஏற விட்டது?"

என் மனைவி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. என்னைக் கைகாட்டினாள்.

"இவியதான். நூலு வச்சு அளந்து, பிளான் போட்டு, கூட்டிட்டுப் போனாவ."

வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இருக்கிறது. டாக்டர் என் பக்கம் திரும்பி, படித்தவர்தானே நீங்கள், கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா என்று ஆரம்பித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஆமாம் சார், தப்புத்தான் சார் என்று முழுவதையும் கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் அவள் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.